பிழைத்த காசு

பின்னேரம் நாலரை மணியென்றால் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில், தேத்தண்ணிக் கடையின் மூலை வாங்கில் என்னைக் காணலாம். காசு சேர்க்கிற மாஸ்ரர் என்று ஊரில் பெயர் விழுந்துவிட்டது. யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குற்றியை எடுத்து வைத்து, “இது எவ்வளவு போகும் மாஸ்ரர்?” என்று கேட்பது வழமை. போன கிழமை ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவர் மூன்று குற்றிகளைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்று, காந்தத்தில் ஒட்டுகிற ஐந்து ரூபா. இரண்டாவது, விளிம்பில் எலி கடித்தது போல ஒரு துண்டு குறைந்த இரண்டு ரூபா. மூன்றாவது, கறுத்துப் பொருமி, முகமே தெரியாத ஒன்று.

“பிழைக் காசுக்கு இலட்சக்கணக்கில குடுக்கிறாங்களாம். யூரியூப்பில பாத்தனான். மூண்டுக்கும் சேர்த்து என்ன சொல்லுறியள்?”

இரண்டு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு, “இருந்து குடியும் தம்பி. விலையைக் கடைசியாப் பாப்பம்” என்றேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வன்னியில் மண்ணைக் கிண்டினாலும் உண்டியலைக் கொட்டினாலும் விநோதமான குற்றிகள் வருகின்றன. நல்லதை அரை விலைக்குப் பறிகொடுப்பவர்களும் உண்டு, இல்லாத விலையை நம்பி அலைபவர்களும் உண்டு. இரண்டு பேரும் எங்கள் சனம்தான்.

முதலில் ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். பிழைக் காசு என்றால் நாணயசாலைக்குள் பிழைத்த காசு. அந்தக் கதவைத் தாண்டிய பிறகு அதற்கு நேர்ந்தது எதுவானாலும் அது சேதம். சேகரிப்பாளர் பணம் கொடுப்பது முன்னதற்கு மட்டும். ஆகவே ஒரு குற்றி எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் அதன் விலையைப் பேசுவது, எருமை வாங்க முதல் நெய்க்கு விலை பேசுகிற கதை.

இலங்கையில் நாணயசாலை இல்லை. எங்கள் குற்றிகள் வெளிநாட்டில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வருகின்றன. அவற்றில் பலவற்றை அடித்தது பிரித்தானியாவின் ரோயல் மின்ற். அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால், நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள், பலகாரத்துக்கு மாவைத் தட்டி மூடியால் வெட்டுவது போல. வில்லையின் ஓரத்தை உயர்த்தி, சூடாக்கி இளக்குகிறார்கள். முலாம் பூசிய இரும்புக் குற்றியென்றால், வில்லையை வெட்டி எடுத்த பிறகுதான் முலாம் ஏறுகிறது. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். கடைசியில் வில்லை ஒரு வளையத்துக்குள் போய் இருக்க, மேலச்சும் கீழச்சும் அதை ஒரே அடியில் நெரிக்கின்றன. வளையம் உலோகத்தை வெளியே பரவவிடாமல் பிடிக்கிறது.

ஆகவே பிழை நேரக்கூடிய இடங்கள் மூன்றுதான்: வில்லை, அச்சு, அடி.

வில்லையில் நேர்வது: வெட்டும்போது தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் வெட்டு விழுந்து ஓரத்தில் பிறை போன்ற கடி விழும். முலாம் விட்டுப்போகும். வேறு குற்றிக்கான வில்லை வந்து கலந்துவிடும். அச்சில் நேர்வது: அச்சு வெடித்து, அந்த வெடிப்பு குற்றியில் புடைத்த கோடாக விழும். எண்ணெயும் அழுக்கும் எழுத்தை அடைத்து, அந்த எழுத்து மட்டும் மங்கிப்போகும். ஒன்றுக்கொன்று சோடியில்லாத இரண்டு அச்சுகள் ஒரே மெசினில் ஏறிவிடும். அடியில் நேர்வது: வில்லை நடுவில் இராமல் விலகி நிற்க, படம் பிறைநிலாவாக விழும். அடித்த குற்றி அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் முகத்தை இடம் வலம் மாறிப் பள்ளமாகப் பதிக்கும்.

உங்கள் கையிலுள்ள விநோதம் இந்த மூன்று இடங்களில் எங்கே, எப்படி நேர்ந்தது என்று உங்களால் சொல்ல முடியவேண்டும். முடியாவிட்டால் பெரும்பாலும் அது வெளியே நேர்ந்தது.

இனித் தம்பியின் முதற் குற்றி. ஆண்டு 2011. காந்தத்தில் ஒட்டுகிறது, அவர் வீட்டிலுள்ள பழைய ஐந்து ரூபா ஒட்டவில்லை. ஆகவே இது பிழை என்பது அவர் கணக்கு. உண்மையில் மாறியது உலோகம். 1984இல் வந்த ஐந்து ரூபா நிக்கல் கலந்த பித்தளை, நிறை 9.5 கிராம், காந்தம் அதைத் தொடாது. உலோக விலை ஏறியதால் 2005இலிருந்து பித்தளை முலாம் பூசிய இரும்புக்கு மாறினார்கள். நிறை 7.7 கிராம், காந்தத்தில் ஒட்டும். இரண்டு ரூபாவும் அப்படித்தான் செப்பு-நிக்கலிலிருந்து நிக்கல் முலாமிட்ட இரும்புக்கு வந்தது. அதற்கு முன்னும் இது நடந்திருக்கிறது. 1963இல் மஞ்சளாக வந்த சதுர ஐந்து சதம், 1978இல் அலுமினியமாகி வெள்ளைக் குற்றியானது. வெள்ளை ஐந்து சதத்தைக் கொண்டுவந்து பிழைக் காசு என்று சொன்னவர்கள் பலர்.

2013ஆம் ஆண்டுப் பத்து ரூபாவிலும் இந்த மயக்கம் உண்டு. இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு படத்தோடு அடித்தார்கள். எங்கள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் அதில் ஒவ்வொன்று இருக்கிறது. வழமையான பத்து ரூபாவிலிருந்து படம் வேறாக இருப்பதால் அச்சு மாறிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது திட்டமிட்டு வெளியிட்ட தொடர். மூன்று மாவட்டத்தையும் சேர்த்து வையுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது. பிழை என்று விற்க வெளிக்கிடாதீர்கள்.

காந்தம் எப்போது பேசும்? 1984 என்று போட்ட ஐந்து ரூபா ஒட்டினால், அல்லது 2011 என்று போட்டது ஒட்டாமல் விட்டால் பேசும். ஆண்டும் உலோகமும் பொருந்தாத இடத்தில்தான் விசயம் இருக்கிறது.

அமெரிக்காவில் இப்படி ஒரு பெரிய கதை உண்டு. உலகப் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் ஒரு சதக் குற்றியைத் துத்தநாகம் பூசிய இரும்பில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் செப்பு வில்லைகள் சில மெசினில் தங்கிவிட, மிகச் சில செப்புச் சதங்கள் பிறந்தன. 1947இல் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் மிச்சக் காசாக ஒன்று வந்தது. அதற்கு ஹென்றி போர்ட் புதுக் கார் கொடுப்பார் என்று அப்போது ஒரு வதந்தி. பையன் விசாரித்தான், அப்படி ஒன்றுமில்லை. அரசாங்கத்துக்கு எழுதினான், அப்படி ஒரு குற்றியே அடிக்கவில்லை என்று பதில் வந்தது. அவன் அதை விற்காமலும் எறியாமலும் வாழ்நாள் முழுக்க வைத்திருந்தான். 2019 சனவரியில் அது 204,000 டொலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைக் கேட்டு இரும்புச் சதத்துக்குச் செம்பு முலாம் பூசிக்கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. அவர்களைக் காட்டிக்கொடுப்பதும் இதே காந்தம்தான்.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. தம்பி முதற் குற்றியை ஒதுக்கி வைத்துவிட்டு, விளிம்பு கடித்த இரண்டு ரூபாவை முன்னுக்குத் தள்ளினார்.

இது வேறு சாதி. ஓரத்தில் பிறை வடிவக் கடி. அரத்தால் ராவியும் இப்படிச் செய்யலாம், ஆகவே மூன்று சோதனை வைத்தேன். முதலாவது, கடிக்கு நேர் எதிர்ப்புற விளிம்பு. வில்லையின் ஓரத்தை உயர்த்தும்போது ஒரு பக்கம் உலோகம் இல்லாததால், எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் சரியாக விழுவதில்லை. அங்கே விளிம்பு மெலிந்து மங்கியிருக்கும். ராவியவருக்கு எதிர்ப்பக்கத்தில் கை வைக்கத் தோன்றாது. தம்பியின் குற்றியில் அந்த மங்கல் இருந்தது. இரண்டாவது, கடிக்கு அருகிலுள்ள எழுத்துகள். உண்மையான கடியில் உலோகம் வெற்றிடத்தை நோக்கி இழுபட்டு எழுத்து மெல்ல வழிந்திருக்கும், வெட்டிய கடியில் எழுத்து கத்தியால் அறுத்தது போல நிற்கும். மூன்றாவது, வெட்டு முகம். வெட்டிய பிறகே முலாம் ஏறுகிறது என்று சொன்னேன் அல்லவா? ஆகவே பிறவிக் கடியின் உட்பக்கமும் நிக்கல் மினுக்கத்தோடு இருக்கவேண்டும். ராவிய கடியில் சாம்பல் இரும்பு வெளியே தெரியும், எங்கள் மாரிக் காற்றுக்கு ஆறு மாதத்தில் கறள் பிடித்துவிடும். இதில் கறள் இல்லை.

அடுத்த கடையில் நகைத் தராசு இருந்தது. புதுக் குற்றி 7 கிராம், இது 6.5 காட்டியது. போன துண்டுக்குக் கணக்குச் சரி.

“அப்ப இது உண்மை” என்று தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மைதான். ஆனால் உண்மை என்பது விலையின் வாசற்படி மட்டும். உள்ளே போக இன்னும் நாலு கேள்வி இருக்கிறது.

பார்த்தவுடன் கண்ணைப் பிடிக்கிறதா? பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய பிழைக்கும் கைக்கெட்டிய தூரத்தில் தெரிகிற பிழைக்கும் பெரிய விலை வித்தியாசம். நடு விலகிய அடியில் ஐந்து சதவீதம் விலகியதை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதிப் பக்கம் விலகி, ஆண்டும் முழுதாகத் தெரிந்தால் அதுதான் எல்லோரும் தேடுவது. ஆண்டு விழாமல் போனால் விலையும் விழும்.

எத்தனை இருக்கக்கூடும்? ஒரு அடியில் நேர்ந்த பிழை ஒரு குற்றியோடு முடியும். அச்சில் நேர்ந்த பிழை அந்த அச்சு கழற்றப்படும் வரை ஆயிரக்கணக்கில் பிறக்கும்.

எந்த நிலையில் இருக்கிறது? பிழையைத் தவிர மற்றப்படி குற்றி புதிதாக இருக்கவேண்டும். தேய்ந்த பிழை பாதி விலை.

யார் தேடுகிறார்கள்? இந்தக் கேள்வியில்தான் எங்கள் ஆட்கள் சறுக்குகிறார்கள். அரிது என்றால் விலை என்று நினைக்கிறார்கள். அரிது என்பது பாதி, அதைத் தேடுகிறவர் இருப்பது மற்றப் பாதி.

பிரித்தானியாவின் இருபது பென்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 2008இல் குற்றிகளின் படத்தை மாற்றியபோது, ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். யாரோ பழைய முன்பக்க அச்சைப் புதிய பின்பக்க அச்சோடு சோடி சேர்த்துவிட, இரண்டு பக்கமும் ஆண்டில்லாத குற்றி பிறந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாணயசாலையில் நடக்காத பிழை. 50,000க்கும் 200,000க்கும் இடையில் வெளியே போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். செய்தி வந்த புதிதில் இணைய ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண் கேட்டார்கள். ஆரவாரம் அடங்கிய பிறகு அது ஐம்பது, நூறு பவுணுக்குள் வந்து நின்றது. எண்ணிக்கை அவ்வளவு இருந்தும் அந்த விலையாவது நிற்பது, அங்கே சேகரிப்பாளர் கூட்டம் பெரிது என்பதால். எங்கள் இரண்டு ரூபாவின் கடி அதைவிடப் பல மடங்கு அரிதாக இருக்கலாம். ஆனால் இலங்கைக் குற்றிகளின் பிழைகளைத் தேடிச் சேர்ப்பவர்களை, கொழும்பையும் இலண்டனையும் ரொறன்ரோவையும் சேர்த்தாலும், ஒரு கலியாணப் பந்தலில் இருத்திவிடலாம்.

இன்னொன்று. ஒருவர் கேட்கிற விலை, விலை அல்ல. இணையத்தில் ஒரு குற்றிக்குப் பத்து இலட்சம் என்று எவரும் போடலாம், அது அவருடைய ஆசை. ஒருவர் காசை எண்ணிக் கொடுத்து, மற்றவர் குற்றியைக் கொடுத்த இடத்தில்தான் விலை பிறக்கிறது. ஆகவே விற்று முடிந்தவற்றின் தொகையைப் பாருங்கள். அதே குற்றி விற்ற கணக்கு கிடைக்காவிட்டால், அதே வகைப் பிழை வேறு நாட்டுச் சாதாரண குற்றியில் என்ன போனது என்று பாருங்கள். அமெரிக்க ஒரு சதத்தில் சிறு கடி சில டொலர்தான். அதை அடியாக வைத்து, எங்கள் குற்றி அரிது என்பதற்குக் கொஞ்சம் கூட்டுங்கள், வாங்குவோர் குறைவு என்பதற்கும் தேய்வுக்கும் கொஞ்சம் கழியுங்கள். வியாபாரியிடம் கொடுத்தால் அவர் விற்கும் விலையில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் தருவார். அதில் களவில்லை. கடை வாடகையும், வாங்க ஆள் வரும் வரை காத்திருப்பதும் அவர் பொறுப்பு.

அந்தக் கணக்கில் தம்பிக்குச் சொன்னேன்: “நான் வாங்கிறதெண்டால் ஆயிரம் ரூபா தருவன். நேரே ஒரு சேகரிப்பாளர் கையில குடுத்தால் ஆயிரத்தைந்நூறு, ரெண்டாயிரம் நியாயம். அதுக்கு மேல கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.” அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் பிழையைச் சோதித்து, பெட்டியில் அடைத்துச் சான்று தருகின்றன. ஆனால் அவற்றின் கட்டணமும் அஞ்சற் செலவும் இந்தக் குற்றியின் விலையைவிடப் பல மடங்கு. பெரிய தொகைக்குப் போகும் குற்றிக்கு மட்டும் அது பொருந்தும்.

தம்பியின் முகம் கொஞ்சம் வாடியது. இலட்சம் என்று வந்தவருக்கு ஆயிரம் என்றால் வாடத்தான் செய்யும். ஆனாலும் இரண்டு ரூபா ஆயிரமாவது சின்ன விசயமல்ல.

ஏமாறுகிற இடங்களையும் சொல்லவேண்டும். இளவயதில் வவுனியாவில் ஒருவரிடம் இரண்டு பக்கமும் தலை உள்ள குற்றி ஒன்றை என் அரை மாதச் சம்பளத்துக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது உள்விளிம்போடு ஒரு மயிரிழைக் கோடு ஓடியது. ஒரு குற்றியைக் குடைந்து, இன்னொன்றைச் சீவி அதற்குள் பொருத்தியிருந்தார்கள். மேசையில் போட்டால் மணிச்சத்தம் வராமல் மொட்டைச் சத்தம் வந்தது. அன்று விட்ட காசுக்குக் கிடைத்த பாடம்தான் இன்று தம்பிக்கு இலவசமாகப் போகிறது. எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலும் அவசரப்படாதீர்கள். அடிக்கும்போது அச்சு ஆடினால் எழுத்தின் பக்கத்தில் தட்டையான படி போல ஒரு நிழல் விழும், அதற்கு விலையில்லை. அச்சிலேயே இரட்டையாகச் செதுக்குண்டிருந்தால் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு தனித்தனியாகத் தெரியும். அது தேடுகிற சாமான்.

பதிவுக்கு, வரிக்கு என்று முதலில் காசு போடச் சொல்கிறவர் உங்கள் குற்றியை வாங்க வந்தவரல்ல. இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே பழங்காசுக்குக் கட்டணம் கேட்டார்கள். அப்படி எந்த வியாபாரமும் தாங்கள் செய்வதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விடவேண்டி வந்தது.

குற்றியைக் கழுவவும் வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற கைப்பழக்கம் எங்களுக்கு. குற்றியில் அதைச் செய்தால் அதன் பிறவித் தோல் போய்விடும், விலையும் கூடவே போகும். பூநகரிப் பக்கம் மண்ணில் ‘சேது’ என்று பொறித்த பழங்காசு போன்றவை கிடைத்தால் அது வேறு சங்கதி. கையால் அடித்த அந்தக் காசுகளில் நடு விலகுவது சாதாரணம், பிழையென்று கணக்கில்லை. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் சட்டப்படி தொல்பொருள், தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றோர் அப்படிப்பட்ட காசுகளை வைத்துத்தான் எங்கள் பழைய வரலாற்றை எழுதினார்கள். கிடைத்த இடம் தெரியாமல் கைமாறிய காசு அந்த வேலைக்கு உதவாது.

மூன்றாவது குற்றி இன்னும் கடதாசியில் கிடந்தது.

வன்னியில் வந்து சேரும் விநோதங்களில் பெரும்பகுதி இந்த வகை. 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தபோது, அதுவரை ரயிலே காணாத பிள்ளைகள் தண்டவாளத்தில் குற்றி வைத்து நசித்தார்கள். அதைப் பிழை என்று கொண்டுவருகிறார்கள். மண்ணில் கிடந்து அரித்தவை வருகின்றன. நெருப்பில் கிடந்தவையும் வருகின்றன. சூட்டில் மேற்பரப்பு கொப்புளித்து, எழுத்து உருகி வழிந்திருக்கும். நாணயசாலையில் அப்படி ஒன்று நேர வழியில்லை.

“இது அம்மாட. புதுக்குடியிருப்பில வீடு எரிஞ்சு கிடந்தது. குசினிப் பக்கம் பால்மா ரின்னுக்குள்ள சில்லறை போட்டு வச்சவ. திரும்பிப் போய்க் கிண்டேக்க இந்த ஒண்டுதான் வந்தது. பாங்கில எடுப்பினமோ எண்டு கேட்டவ.”

காந்தத்தைப் பிடித்தேன், ஒட்டவில்லை. தராசில் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. விட்டமும் சரிவர, இது பழைய பித்தளை ஐந்து ரூபா, 2005க்கு முந்தியது என்று சொன்னேன். முகம் அழிந்த குற்றிக்குத் திரும்பவும் ஒரு பெயர் கிடைத்தது. தம்பி அதை வாங்கி, முதல் முறையாகப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தார்.

சந்தையில் இதற்கு விலை இல்லை. அதை மழுப்பாமல் சொன்னேன். மழுப்பினால் நாளைக்கு யாரோ ஒருவர் இதற்கும் ஒரு பொய் விலை சொல்லி அந்த அம்மாவை அலைக்கழிப்பார். ஆனால் எங்கள் மொழியில் ‘பிழைத்த’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். தவறியதும் பிழைத்ததுதான், தப்பியதும் பிழைத்ததுதான். சேகரிப்பாளரின் கணக்கு முதற் பொருளோடு முடிகிறது. இரண்டாவதை வீட்டுக்காரர்தான் எழுதி வைக்கவேண்டும்.

எழுதுவது எப்படி என்று காட்டினேன். என் பையில் சின்னக் கடதாசி உறைகள் எப்போதும் இருக்கும். கடித்த குற்றிக்கு ஒன்று: இரண்டு ரூபா, ஆண்டு, 6.5 கிராம், வில்லைக் கடி, கிளிநொச்சி, கிடைத்த திகதி. அதை விற்கப் போகும் நாளில் இந்த உறையும் விலையில் ஒரு பங்கு. கறுத்த குற்றிக்கு இன்னொன்று கேட்டார். தானே எழுதினார்: ஐந்து ரூபா, பித்தளை, புதுக்குடியிருப்பு, அம்மாவின் குசினி, நெருப்பு.

எழும்பும்போது தேத்தண்ணிக் காசை நான் கொடுக்கப் போக, அவர் விடவில்லை. மேசையில் எண்ணி வைத்த சில்லறைக்குள் அந்தக் காந்த ஐந்து ரூபாவும் போனது. கடித்த குற்றி பேர்சுக்குள் போனது. மற்ற உறையைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் பூட்டினார்.